சுடலைமுத்துவின் கடைவாய்ப் பல்

போன மாதம் எறணாகுளத்தை அடுத்த காக்கநாட்டில் ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. ஈ.எஸ்.ஆர். நிறமாலைகளைக் கணினியில் உருவாக்கிப் பார்க்கும் புதிய மென்பொருள் ஒன்றைக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னையும் கூப்பிட்டு, கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் திரையில் ஒரு பல்லின் நிறமாலை வந்தது. "மனிதப் பல், எனாமல்" என்று மட்டும் எழுதியிருந்தது.

எனக்கு அந்தக் கோடு தெரியும். அதன் வலது ஓரத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும். அது பல்லினுடையது அல்ல. எங்கள் பழைய இயந்திரத்தின் உள்ளறையில் படிந்த ஒரு கறை தருவது. எப்படிக் கழுவினாலும் போகாத கறை. பத்து ஊர் இயந்திரங்கள் போட்ட கோடுகளைக் கலந்து வைத்தாலும் எங்களுடையதை நான் பொறுக்கி எடுத்துவிடுவேன். அந்தப் பல் யாருடையது என்பதும் எனக்குத் தெரியும்.

சொல்லிக்கொடுத்த இளைஞர் முதலில் ஒழுங்காகத்தான் செய்தார். பல்லில் இயல்பாகவே இருக்கும் ஒரு சைகை, அதாவது சிக்னல். கதிர்வீச்சு பட்டதால் வந்த இன்னொரு சைகை. இரண்டையும் சேர்த்துக் கணினி வரைந்த சிவப்புக் கோடு, இயந்திரம் போட்ட கறுப்புக் கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது. பிறகு, "எல்லா மதிப்பையும் மென்பொருளே தேடிக்கொள்ளட்டும்" என்று சொல்லிக் கட்டங்கள் அத்தனையிலும் டிக் போட்டார். சிவப்புக் கோடு ஒரு தடவை அசைந்து, முன்னைவிட நெருக்கமாக ஒட்டிக்கொண்டது. பொருத்தத்தைக் காட்டும் எண் கூடியது. கதிர்வீச்சுச் சைகையின் அளவு பூஜ்யம் ஆனது.

"கண்டோ? இன்னும் பெட்டர் ஆயிடுச்சு!" என்றார் அவர். சிலர் கைதட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். "ரெண்டாவது சைகை எங்கே போச்சு?"

"அது தேவையில்லைன்னு சாஃப்ட்வேரே களைஞ்சுடுத்து மேடம்."

"அது என்னன்னு தெரியுமா? ஒரு மனுஷனோட ரெண்டு விரல்."

வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து நாலைந்து பேர் சிரித்தார்கள். சாப்பாட்டு வரிசையில் இரண்டு மாணவிகள் என் பின்னாலேயே வந்து, விஷயம் என்ன, எழுதித் தரக்கூடாதா என்று கேட்டார்கள். மலையாளத்தில் எழுதினால் எல்லோரும் படிப்பார்களே என்றார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம்தான். ஆனால் எனக்குக் கோபம் தமிழில்தான் சரியாக வரும். அதனால் தமிழில் எழுதுகிறேன். வேண்டியவர்கள் மொழிபெயர்த்துக்கொள்ளட்டும்.

என் பெயர் விசாலம். மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மணக்கும் ஒரு சந்தில் பிறந்தவள். அப்பா ஒரு மலஞ்சரக்கு, அதாவது மலை விளைபொருள், தரகரிடம் கணக்கு எழுதினார். படித்தது இயற்பியல். முனைவர் பட்டம் வாங்கி, ஊரிலேயே ஒரு ஆராய்ச்சி மையத்தில் ஈ.எஸ்.ஆர். இயந்திரத்துக்குப் பொறுப்பாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். மையத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

எலெக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வு என்பதன் சுருக்கம்தான் ஈ.எஸ்.ஆர். எலெக்ட்ரான்கள் பெரும்பாலும் ஜோடியாக இருக்கும். ஜோடி இழந்து ஒற்றையாய் நிற்கிற எலெக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. பொருளைப் பெரிய காந்தத்துக்கு நடுவில் வைத்து நுண்ணலையைப் பாய்ச்சினால், குறிப்பிட்ட ஒரு இடத்தில் அந்த ஒற்றை எலெக்ட்ரான் அலையை விழுங்கும். இயந்திரம் அதை மேலும் கீழுமாகப் போகும் ஒரு கோடாக வரைந்து தரும். கோட்டைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வது எங்கள் வேலை. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்போது கண்ணால் பிரிக்க முடியாது. அப்போதுதான் சிமுலேஷன் வேண்டும். உள்ளே இன்னது இருக்கிறது, இன்ன அகலத்தில் இருக்கிறது என்று நாம் ஊகித்துச் சொன்னால், அப்படி இருந்தால் கோடு எப்படி வரும் என்று கணினி வரைந்து காட்டும். அதை நிஜக் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் சேர்ந்த காலத்தில் இதற்கு வரைபடத்தாளும் பென்சிலும்தான். பிறகு ஒரு நிரல் வந்தது. பிறகு மேஜைக் கணினி. பயிற்சிக்கு வெளியூர் அனுப்பினார்கள், போய் வந்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

என் மேலதிகாரி சிவராமன் சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பாலக்காட்டுத் தமிழர். புத்திசாலி, அதில் சந்தேகமே இல்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அறைக்குள் போனால் நமக்குச் சாயா வரும். அவருக்கு மட்டும் ஜீரக வெள்ளம், சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். நாம் நீட்டும் தாளை வாங்கி, பேனா மூடியால் ஒவ்வொரு வரியையும் மெல்லத் தட்டிக்கொண்டே படிப்பார். கடைசி வரி வந்ததும் மூடியைப் பேனாவில் போட்டுவிடுவார். நம் முன்னால் அவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததே இல்லை. "நோக்கலாம்" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். முடியாது என்று சொல்லிவிட்டால் நாம் சண்டை போடலாம், மேலே எழுதலாம். நோக்கலாம் என்றவரிடம் என்ன சண்டை போடுவது?

ஒரு மிளகு ஏற்றுமதிக்காரரின் சரக்கு ஒரு சமயம் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. மிளகுக்குக் கதிர்வீச்சு கொடுத்துவிட்டு, அதைப் பெட்டியில் குறிப்பிடாமல் மறைத்திருப்பதாக வாங்குகிறவர்கள் சந்தேகப்பட்டார்கள். கதிர்வீச்சு பட்ட மிளகில் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு ஜோடிக் கோடு எழும்பும். நான் பார்த்தேன். மிளகில் இயற்கையாக இருக்கும் மாங்கனீசின் ஆறு கோடுகள் இருந்தன, நடுக்கோடு இருந்தது, அந்த ஜோடி மட்டும் இல்லை. ஜோடி இருந்திருந்தால் எப்படித் தெரிந்திருக்கும் என்று சிமுலேஷன் செய்தும் காட்டினேன். சந்தேகத்துக்கு இடமே இல்லாத முடிவு. சார் படித்தார், மூடியைப் போட்டார், "நோக்கலாம்" என்றார். அவர் நோக்கி முடிப்பதற்குள் வாங்கியவர்கள் ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். ஏற்றுமதிக்காரர் என் அறை வாசலில் வந்து நின்று, "நீங்க நல்லதுன்னு சொல்லிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன் மேடம். அது காயிதத்துல வந்திருந்தா மதி" என்று சொல்லிவிட்டுப் போனார். மதி என்றால் போதும். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு சுடலைமுத்து வந்தார்.

அவரை அனுப்பியது தீக்காயப் பிரிவில் வேலை பார்த்த ஒரு டாக்டர். கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் இளையவள். போனில் கூப்பிட்டாள். "ஒரு ஆள் அட்மிட் ஆயிருக்கார். வலது தொடையிலயும் விரல்லயும் புண்ணு. வெந்நீர் கொட்டினதுன்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க. வெந்நீர் பட்டா அன்னைக்கே கொப்புளம் வரும். இவருக்கு நாள் கழிச்சுத்தான் வந்திருக்கு. வந்தது ஆறவும் மாட்டேங்குது, உள்ளே உள்ளே போயிட்டிருக்கு. எனக்கு இது கதிர்வீச்சுன்னு தோணுது. எழுதணும்னா ஆதாரம் வேணும். அவருக்கு ஒரு கடைவாய்ப் பல் சொத்தை, எடுத்தே ஆகணும். எடுத்தா வீசிடட்டுமா, இல்ல உனக்கு வேணுமா?"

"வீசாதே. நான் வரேன்," என்றேன்.

சுடலைமுத்து சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். முப்பதைத் தாண்டியவர். குழாய்களின் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று கதிர்வீச்சு வைத்துப் படம் எடுக்கும் ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் உதவியாளாக இருந்தார். மனைவி பேச்சியம்மா எறணாகுளம் மார்க்கெட்டில் காய்கறி விற்றாள். நான் போனபோது அவள் கட்டிலருகே நின்று அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் வலது கை முழுக்கக் கட்டு.

"என்ன நடந்துச்சுன்னு எனக்கும் ஒருக்கா சொல்றீங்களா?" என்றேன்.

"எத்தன பேருட்ட சொல்லுதது அக்கா. ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான்," என்றாள் பேச்சியம்மா.

அவர்தான் சொன்னார். "படம் எடுத்து முடிஞ்சிட்டு மேடம். கேபிளச் சுத்தி வைக்கச் சொன்னாவ. கீழ ஒரு சின்ன சாமான் கெடந்துச்சு, வெள்ளி மாதிரி பளபளன்னு. சங்கிலித் துண்டு கணக்கா. ஏதோ மெஷின்லேர்ந்து கழண்டு விழுந்துட்டு, சூப்பர்வைசர்ட்ட குடுப்போம்னு கையால எடுத்து டவுசர் பைல போட்டுக்கிட்டேன். அவரு வெளிய போயிருந்தாரு. சாப்பிட்டுட்டு, திரும்ப வந்து பைப்பு தூக்குனேன். அவரு வந்ததும் எடுத்துக் குடுத்தேன். அதப் பாத்ததும் அலறிட்டாரு. தூரப் போடு, தூரப் போடுன்னு. பொறவு எல்லாரும் கூடி நின்னு என்னமோ பேசுனாவ. என்னயக் கூப்பிட்டு, இத வெளிய சொல்லப்பிடாது, ஒனக்கு ஒண்ணும் ஆவாதுன்னாவ."

அவர் பையில் போட்டுக்கொண்டது இரிடியம். படம் எடுக்கும் கதிர்வீச்சு மூலம். அது ஒருபோதும் கழன்று விழவில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. கதிர்வீச்சை அளக்கும் அட்டை ஒன்று அவர் சட்டையில் குத்தியிருக்க வேண்டும். உதவியாள்தானே என்று அதைக் கொடுக்கவே இல்லை. கொடுக்காமல் விட்டதையே பிறகு, "இவருக்குக் கதிர்வீச்சு பட்டதற்குப் பதிவே இல்லை" என்று வாதமாக்கினார்கள். நஷ்டஈட்டுக்காகத் தன் கையில் தானே வெந்நீரை ஊற்றிக்கொண்டான் என்றுகூட அவர்கள் வக்கீல் எழுதியிருந்தார். அதை டாக்டர்தான் எனக்குக் காட்டினாள்.

பல்லின் வெள்ளை மேலோடான எனாமலில் ஒரு விசேஷம் உண்டு. கதிர்வீச்சு பட்டால் அதன் படிகத்துக்குள் ஒற்றை எலெக்ட்ரான்கள் சிக்கிக்கொள்ளும். வெளியே வரவே வராது. மனிதன் மறந்தாலும், கம்பெனி மறைத்தாலும், அது அங்கேயே இருக்கும்.

"பல்லுக்கு எக்ஸ்ரே படம் ஏதும் எடுத்திருக்கீங்களா, எப்பவாவது?" என்று கேட்டேன். அதிலிருந்தும் கொஞ்சம் கதிர்வீச்சு வரும்.

"பல்லுக்குப் படமா?" என்று அந்த வேதனையிலும் சிரித்தார். "பல்லு வலிச்சா கெராம்பு வப்போம் மேடம்."

பல்லை என் கண் முன்னால் எடுத்து, சீசாவில் போட்டு, டாக்டர் சீல் வைத்து, என் பெயருக்கே எழுதிக் கொடுத்தாள். வேலையை நான் யாரிடமும் விடவில்லை. முதலில் பல்லின் உட்பகுதியை எனாமலிலிருந்து பிரிக்க வேண்டும். பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் அதே துரப்பணம்தான். தண்ணீர் சொட்டச் சொட்ட, சூடேறாமல் குடைய வேண்டும். சூடேறினால் புதுச் சைகைகள் முளைத்துவிடும். பிறகு காரக் கரைசலில் போட்டு, ஒலியதிர்வுத் தொட்டியில் வைத்து, ஒட்டியிருக்கும் மிச்சத்தைக் கழற்ற வேண்டும். பிறகு உரலில் போட்டுக் கல்லுப்பு மாதிரி நொறுக்க வேண்டும், மாவாகிவிடக் கூடாது. நொறுக்கும்போது பிறக்கும் பொய்ச் சைகைகளை லேசான அமிலத்தில் கழுவிப் போக்கி, உலர வைக்க வேண்டும். கடைசியில் ஒரு சிட்டிகை வெள்ளைக் குருணை மிஞ்சும். அதையும் இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியைத் தொடவே இல்லை. இன்னொரு பாதிக்கு, கதிர்வீச்சு கொடுப்பதற்கென்றே மையத்தில் இருந்த கோபால்ட் அறையில், அளவு தெரிந்த கதிர்வீச்சைப் படிப்படியாகக் கொடுத்து, சைகை எப்படி வளர்கிறது என்று பார்த்தேன். அந்த வளர்ச்சியைப் பின்னோக்கி நீட்டினால், நான் கொடுப்பதற்கு முன்பே அந்தப் பல் எவ்வளவு வாங்கியிருந்தது என்பது வரும்.

வந்தது. ஒரு மனிதரின் பல்லில் ஆயுள் முழுக்கச் சேரக்கூடியதைவிடப் பல மடங்கு.

சிக்கல் எங்கே என்றால், எந்தப் பல்லிலும் இயல்பாகவே ஒரு அகலமான சைகை இருக்கும். கதிர்வீச்சுச் சைகை அதன் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும். இரண்டையும் சிமுலேஷன் செய்துதான் பிரிக்க வேண்டும். இயல்புச் சைகையின் அகலம் என்ன, இடம் என்ன என்பதைக் கதிர்வீச்சு படாத பற்களில் அளந்து வைத்திருந்தேன். எங்கள் மையத்தில் யார் பல் எடுத்தாலும் எனக்குத்தான் வரும். அந்த மதிப்புகளைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் கணக்குப் போட்டேன். நுண்ணலையின் பலத்தைக் கூட்டிக் குறைத்து எடுத்த எல்லாக் கோடுகளுக்கும் அதே மதிப்புகள் பொருந்துகின்றனவா என்றும் பார்த்தேன். பலம் கூடும்போது இரண்டு சைகைகளும் ஒரே மாதிரி வளராது. பொய்யாக ஒன்றைப் புகுத்தினால் அங்கே மாட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் பொருந்தியது.

அறிக்கையோடு சிவராமன் சார் அறைக்குப் போனேன். சாயா வந்தது. பேனா மூடி ஒவ்வொரு வரியாக இறங்கியது.

"விசாலம், இது நமக்கு வேண்டாமே," என்றார்.

"ஏன் சார்?"

"இன்னைக்கு இது. நாளைக்கு கமிட்டி வரும், கேள்வி வரும், நம்ம மெஷினுக்கு லைசன்ஸ் உண்டா, நமக்கு அதிகாரம் உண்டாம்பான். என்னத்துக்கு வெறுதே ஒரு தலைவேதனை?"

"கணக்குல தப்பு இருக்கா சார்?"

"தப்புன்னு நான் சொன்னேனா? வேறே மாதிரியும் வருமேன்னு சொல்றேன். வா, காட்டறேன்."

என் அறைக்கு வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பூட்டி வைத்திருந்த மதிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். இயல்புச் சைகையை அதன் இஷ்டத்துக்கு அகலமாக விட்டார். போதாததற்கு, பெயரே இல்லாத இன்னொரு அகலச் சைகையைச் சேர்த்தார். "அது என்ன சார்?" என்று கேட்டேன். "ஏதாவது இருக்கும்" என்றார். பட்டனைத் தட்டினார். கோடு அழகாகப் பொருந்தியது. கதிர்வீச்சு பூஜ்யம்.

"பார்த்தியா? உன்னோடதைவிட நன்னா பொருந்தறது. ரெண்டு விதமாவும் வரும்னா, கண்டுபிடிக்க முடியலேன்னு எழுதிடலாம். பொய்யும் இல்லே."

அவருக்கு யாரும் பணம் கொடுத்திருக்க மாட்டார்கள். அதை இன்றும் சத்தியம் செய்து சொல்வேன். கொடுத்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். தொந்தரவு வேண்டாம் என்பதற்காக மட்டும் ஒரு மனிதனைப் பொய்யனாக்க ஒருவரால் முடிந்தது. அதுவும் ஜீரக வெள்ளம் ஆறிப்போவதற்குள்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. பல் என் பெயருக்கு வந்ததால், என் பெயரிலேயே கையெழுத்துப் போட்டு டாக்டருக்கு அனுப்பினேன். அவள் அதைத் தொழிலாளர் நஷ்டஈட்டு விசாரணையில் சேர்த்தாள். எனக்குச் சம்மன் வந்தது.

போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். சார் காட்டிய வித்தை என் மண்டைக்குள்ளேயே குடைந்துகொண்டிருந்தது. என்னிடம் என் சொந்த ஞானப்பல் இருந்தது. அதற்கு முன்பே ஒரு சோதனைக்காக, அளவு தெரிந்த கதிர்வீச்சைக் கோபால்ட் அறையில் கொடுத்து வைத்திருந்தேன். அந்தக் கோட்டை எடுத்து, சார் செய்த மாதிரியே எல்லாவற்றையும் திறந்துவிட்டுப் பெயரில்லாத சைகையையும் சேர்த்துப் பட்டனைத் தட்டினேன். கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் தட்டினேன். அதே விடைதான் வந்தது.

விசாரணை அறை சின்னது. அதிகாரி நடுவயதுப் பெண்மணி. தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்பவர். கம்பெனி ஒரு நிபுணரைக் கொண்டுவந்திருந்தது. நல்ல கோட்டு, நல்ல ஆங்கிலம். மடிக்கணினியைத் திருப்பி வைத்து அதிகாரிக்குக் காட்டினார். சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருந்தன. பக்கத்தில் பொருத்த எண். கதிர்வீச்சு பூஜ்யம். நான் பட்டியலை எட்டிப் பார்த்தேன். அந்தப் பெயரில்லாத அகலச் சைகை அங்கே இருந்தது. சார் என் நாற்காலியில் உட்கார்ந்து தட்டிய அதே ஆரம்ப மதிப்புகளோடு இருந்தது.

"இவரோட கோடு உங்களோடதைவிட நல்லா ஒத்துப்போகுதே?" என்று அதிகாரி மலையாளத்தில் கேட்டார்.

"ஆமாம் மேடம். ஒத்துப்போகும். அவர்கிட்ட ஒரு கேள்வி கேட்கலாமா?"

"கேளுங்க."

"இந்த மூணாவது சைகை என்ன பொருளோடது?"

நிபுணர் சிரித்தார். "அது மென்பொருள் கண்டுபிடிச்சது."

"மென்பொருள் அதை வாழ்க்கைல பார்த்ததில்லை. நீங்க பார்த்திருக்கீங்களா?"

அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கொண்டுபோயிருந்த கோப்பை நீட்டினேன். "மேடம், இது இன்னொரு பல். என்னோடது. இவர் முறையிலேயே, ஒண்ணையும் மாத்தாம, இதையும் இங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்க."

வக்கீல் ஆட்சேபித்தார். அதிகாரி எழுதுவதை நிறுத்தி முதல் தடவையாக நிமிர்ந்தார். "போடட்டும். என்ன போயிடப் போகுது?"

நிபுணர் போட்டார். சிவப்புக் கோடு அழகாக ஒட்டியது. கதிர்வீச்சு பூஜ்யம். "இதிலும் இல்லை," என்றார் நிம்மதியாக.

கோபால்ட் அறையில் அந்தப் பல்லுக்கு எவ்வளவு கதிர்வீச்சு கொடுத்தேன் என்ற சான்றிதழை உறையில் போட்டு முன்கூட்டியே அதிகாரியிடம் தந்திருந்தேன். அவர் பிரித்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பல்லுக்குச் சுடலைமுத்துவோடதைவிட அதிகமாவே கொடுத்திருக்காங்க. அப்ப, உங்க முறைக்கு எந்தப் பல்லைக் கொடுத்தாலும் 'இல்லை'ன்னுதான் சொல்லும், அல்லே?"

நிபுணர் திரும்பி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தாள்களை அடுக்கினார். பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாவுக்கு மலையாளம் அரைகுறைதான். ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்தே எழுந்து நின்றுவிட்டாள்.

மறுநாள் சார் அறைக்குப் போனேன். சாயா வருவதற்கு முன்பே கேட்டேன். "அந்தக் கணக்கை அவங்களுக்கு நீங்களா கொடுத்தீங்க?"

"கேட்டா, கொடுத்தேன். கேக்கறவாளுக்குச் சொல்லிக்கொடுக்கறதுதானே நம்ம ஜோலி?" என்றார். குரல் கொஞ்சம்கூட உயரவில்லை.

"தப்புன்னு தெரிஞ்சே கொடுத்தீங்க."

"நீ க்ஷீணிச்சிருக்கே விசாலம். கொஞ்சம் ரெஸ்ட் எடு."

களைத்துப்போய்விட்டேனாம். ரெஸ்ட் கொடுத்தும்விட்டார். அந்த மாதமே இயந்திரத்தின் சாவி வேறொருவர் கைக்குப் போனது. ஆண்டறிக்கைக்குப் பிழை திருத்தும் வேலை எனக்கு வந்தது. ஓய்வு பெறும்வரை நான் காந்தத்துக்கு முன்னால் உட்காரவில்லை. அடுத்த வருடத்து அறிக்கையில், "தொழிலாளர் நலனில் நம் மையத்தின் சேவை" என்ற தலைப்பில் சுடலைமுத்துவின் கோட்டை முழுப்பக்கத்துக்கு அச்சிட்டார்கள். அதற்கு முன்னுரை சிவராமன் சார். அதற்குப் பிழை திருத்தியதும் நான்தான். ஒரு எழுத்துப்பிழைகூட விடவில்லை. அதே கோடுதான் இப்போது மாதிரிக் கோப்பாகிக் காக்கநாட்டுத் திரைவரைக்கும் வந்திருக்கிறது. சுடலைமுத்துவிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த மாணவிகளுக்குச் சொல்கிறேன். சிமுலேஷன் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. அது இல்லாமல் சுடலைமுத்துவின் பல்லில் இருந்ததை நானும் பிரித்திருக்க முடியாது. பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். வேண்டிய அளவு திறந்துவிட்டால் எதுவும் எதனோடும் பொருந்தும். எதைப் பூட்டினீர்கள், ஏன் பூட்டினீர்கள், நீங்கள் சேர்த்த ஒவ்வொரு சைகையும் எந்தப் பொருளினுடையது என்று சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்தப் பட்டனில் கை வைக்காதீர்கள். இவ்வளவுதான்.

விசாரணைத் தீர்ப்பு வந்த அன்று டாக்டர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். அதற்குள் சுடலைமுத்துவின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டிருந்தார்கள். தொடையில் வேறு இடத்துத் தோலை வைத்துத் தைத்திருந்தார்கள். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தது. என்னைப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். தொகை, வட்டி, மருத்துவச் செலவு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். கம்பெனி மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் சொன்னேன். எதற்கும் அவர் முகம் மாறவில்லை.

நடுவில் ஒரு பத்தி இருந்தது. கதிர்வீச்சு மூலம் கழன்று விழுந்தது என்றும், அதை எடுத்துப் பையில் வைத்திருந்தார் என்றும் தொழிலாளி கூறியது உண்மை என்று இந்த மன்றம் காண்கிறது. அதைச் சொன்னதும் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"அப்ப நான் பொய் சொல்லலன்னு எழுதியிருக்கா மேடம்?"

"ஆமா. அப்படித்தான் எழுதியிருக்கு."

"எங்க?"

வரியில் விரலை வைத்துக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. குனிந்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்த ஒரு இத மட்டும் இன்னொருக்கா வாசிங்கக்கா."

வாசித்தேன். அவள் கேட்க இன்னும் ஒருமுறை வாசித்தேன். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அது இன்றுவரை இறங்கவில்லை. சரியான முடிவைத்தான் கண்டுபிடித்தேன், அதில் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு மனிதனின் பல்லைப் பிடுங்கி, குடைந்து, காரத்தில் போட்டு, அமிலத்தில் கழுவி, காந்தத்தில் வைத்து, மாதக்கணக்கில் கணக்குப் போட்டு நாங்கள் எல்லோரும் சேர்ந்து நிரூபித்தது, அவர் முதல் நாளே தன் வாயால் சொன்னதைத்தான்.